நாலாம் மூட்டை

சிம்பாங் ரெங்கத்தில்
மழை முதலில் தகரத்தில் கேட்கும்,
அப்புறம்தான் வானம் கறுக்கும்.
அந்த இடைவெளிக்குள்
ஆறு படுதாக்களை இழுத்து மூட வேண்டும்
நானும் பாக்கியவதியும்.
ஐந்து மூடியிருப்போம்.
ஆறாவது நனையும்.
எப்போதும் ஆறாவது.

பால்மரம் என்றால்
மழை நாளில் வெட்டு இல்லையென்று
வீட்டில் படுத்துவிடலாம்.
செம்பனை என்றால்
குலை நனைந்தாலும் எடை எடைதான்.
இது கோப்பி. லைபீரிக்கா.
பெரிய பழம், தடித்த தோல்,
ரோஷம் அதிகம்.

பூத்துப் பழுக்க ஏறக்குறைய ஒரு வருஷம்.
அதற்கு முன்னால் மண் காய வேண்டும்,
இலை துவண்டு
'இனிமேல் முடியாது' என்று தொங்க வேண்டும்,
பிறகு ஒரே ஒரு நல்ல மழை.
ஒன்பதாம் நாள் காலை மரம் முழுக்க வெள்ளை.
மோட்டாரில் போகிறவன்கூட
காலை ஊன்றி ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போவான்.
அன்றைக்கே இன்னொரு மழை வந்தால்
பூ குழைந்து மண்ணோடு மண்.
தப்பியது அங்கொன்று இங்கொன்றாய்க் காய்த்து
ஒரே கிளையில் பச்சை, சிவப்பு, கறுப்பு.
பொறுக்குகிறவள் கண்ணைத்தான்
குற்றம் சொல்வார்கள்.

மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டியில்,
பந்தய நாளுக்குச் சின்னக் குதிரை போட்டிருக்குமே, அதில்தான்,
கட்டத்துக்குக் கட்டம் எழுதி வைக்கிறேன்:
மழைக்கு 'ம', வெயிலுக்கு ஒரு புள்ளி,
புகைமூட்டத்துக்கு 'பு'.
"நம்பர் எடுக்கப் போறியா?" என்று
தவுக்கே சியா சிரிப்பார்.

கோலாலம்பூரிலிருந்து இர்ஃபான் வந்தான்,
சின்னத் தராசு, நீண்ட மூக்குக் கெண்டி,
துணியில் சுற்றிய கரண்டியோடு.
நாலு மூட்டைக்கு நாலு குவளை.
உறிஞ்சுகிற சத்தத்துக்குப் பாக்கியவதி
வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

முதல் குவளை: "நங்கா," என்றான்.
பலாச்சுளைதான். இடைவிடாத வெயிலில் காய்ந்தது அது.
இரண்டாவது: "எங்கோ ஓடிப்போச்சு ருசி."
பழுக்கும்போது மூன்று வாரம் மழை,
அரிசி களைந்த தண்ணீர் மாதிரி.
மூன்றாவதற்கு முகம் சுளித்து,
"பூட்டி வைத்த அலமாரி."
எனக்குத் தெரியும்.
ஆறாவது படுதா.

நாலாவதில் நின்றான்.
"இங்கே யார் விறகு எரிச்சது?"

யாரும் இல்லை.
நான் செப்டம்பரைத் திருப்பிக் காட்டினேன்.
பு பு பு. பதினேழு கட்டம்.
பள்ளிக்கூடம் மூடி,
சூரியன் மாத்திரை மாதிரி ஆரஞ்சாய்த் தொங்கி,
பாக்கியவதியின் மகன் கிளினிக்கில்
மூக்கில் குழாயோடு கிடந்த மாதம்.
நாங்கள் மூக்கை மூடிக்கொண்டோம்.
கொட்டை திறந்த களத்தில் கிடந்தது.
மழைக்கு மூடுவோம்.
புகைக்கு மூடத் தோன்றவில்லை.

"பாதி விலை," என்றார் தவுக்கே, தானாகவே.

இர்ஃபான் குவளையை என்னிடம் நீட்டினான்.
நாற்பது வருஷமாய்க் கோப்பி குடிக்கிறேன்,
டின் பால் இல்லாமல் ஒரு வாய் குடித்ததில்லை.
பால் எந்த வானத்தையும் மன்னித்துவிடும்.
இது மன்னிக்கவில்லை.
முதலில் கடலுக்கு அந்தப் பக்கம்
யாரோ கொளுத்திய காடு,
நாக்கின் ஓரத்தில்.
விழுங்கினேன்.
அப்புறம், கூப்பிடாத விருந்தாளி மாதிரி
தயங்கித் தயங்கி
ஓர் இனிப்பு.

"வெயில் மங்கினதால
பழம் அவசரப்படலை," என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
இர்ஃபான் மறுபடி உறிஞ்சினான், இந்த முறை மெதுவாக.
எதையோ எழுதி, அடித்து,
திரும்ப எழுதினான்.
விலை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்,
தவுக்கே இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

தகரத்தில் முதல் துளி.
குவளையை வைத்துவிட்டு ஓடினேன்.
"ஆறாவதிலேர்ந்து!" என்று கத்தினாள் பாக்கியவதி.
ஆறாவதிலிருந்தே மூடிக்கொண்டு வந்தோம்.

அன்றைக்கு
முதலாவது நனைந்தது.