சான்றிதழ் எண் நாற்பத்தொன்று

அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்தது,
நயரெத்தின் பெயர் பாதி வந்திருந்தபோது.
மீதியை நானே பேனாவால் எழுதினேன்.
கூர்ந்து பார்த்தால் தெரியும்.
மேடையில் யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை.
அதற்கடுத்து ஒன்றுதான் பாக்கி.
அதை முழுசும் கையால் எழுதினேன்,
பள்ளிக்கூடத்தில் எனக்கே வராத
அழகான எழுத்தில்.

டிசம்பர். சிலோயே தீவில் இதுதான் கோடை.
கோடை என்றால்
மழை கொஞ்சம் கூச்சத்தோடு பெய்யும், அவ்வளவே.
உடற்பயிற்சிக் கூடத்துத் தகரக் கூரை
காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தது.
இருநூற்றுப் பத்து நாற்காலிகள்;
அறுபது தேவாலயத்தில் இரவல்,
எட்டு தீயணைப்பு நிலையத்தில்.
அந்த எட்டில் ஒன்றுக்குக் கால் சரியில்லை.
நகராட்சிக்காரரை அதில் உட்காரவைத்துவிடாதே என்று
எலிசெயோவிடம் இரண்டு தரம் சொன்னேன்.
அதில்தான் உட்காரவைத்தான்.

முதல்வர் ஆண்டறிக்கை வாசித்தார்.
தீவின் உருளைக்கிழங்கில் நாற்பத்தேழு வகை திரட்டினோம்:
ஊதா, கறுப்பு,
மாட்டு நாக்குபோல் வளைந்த ஒன்று,
ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் சீட்டு எழுதி ஒட்டினார்கள்.
மூன்று வகையை விடுதிச் சமையல்காரி
தெரியாமல் அவித்துப் போட்டதை
அவர் வாசிக்கவில்லை.
கால்பந்தில் நன்னடத்தைக் கோப்பை.
அன்குத் பள்ளியிடம் நாலுக்கு ஒன்று என்று
தோற்ற பிறகு கிடைத்தது.
நாடகத்தில்
கப்பல் மூழ்குவதற்கு இரண்டு காட்சி முன்னமே
அட்டைக் கப்பல் சரிந்தது;
கைதட்டல் அப்போதுதான் அதிகம்.
க்வேக்கா ஆடிய பெண்ணின் கைக்குட்டை
மைக்கில் சிக்கியதையும் சேர்த்து
எல்லாம் சாதனைதான்.

நாற்பத்தொன்று:
கணிதம், முதல் பரிசு, ஓவிதியோ நவெல்கின்.

ஆகஸ்டில் நின்றுபோனவன்.
சால்மன் ஆலையில் இரவு வேலை.
பெயரை எடுத்துவிடுங்கள் என்றார் முதல்வர்.
கணக்கு வாத்தியார் பாரியா,
ஆண்டு முழுக்க என் அலுவலகத்தில்
சாக்பீஸ் தவிர எதுவும் கேட்காத மனிதர்,
மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.
"ஜூலை வரை அவன் போட்ட கணக்கை
டிசம்பர் வரை யாரும் போடவில்லை."
மேசையில் வெள்ளையாகப் பத்து விரல் தடம்.
முதல்வர் கேட்டால்
மறந்துவிட்டேன் என்று நான் சொல்வதாக ஏற்பாடு.

கேட்கவில்லை. வாசித்தார்.
மைக் ஒருதரம் கீச்சிட்டது.
யாரும் எழவில்லை.
மூன்றாம் வரிசைப் பையன்கள்
கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.
கதவில் மழைதான் நின்றது.

அப்புறம் தெயனிரா கைதட்டினாள்.
வகுப்பில் கணக்குக்குக் கடைசி அவள்,
அவன் தாளை எட்டிப் பார்த்தே
அரையாண்டைக் கடந்தவள்.
கடனைத் தீர்ப்பவள்போல் தட்டினாள்.
பிறகு அவள் வரிசை, பிறகு சமையல்காரி,
பிறகு எல்லோரும்.
முதல்வர் பக்கத்தைத் திருப்பிய பிறகும் ஓயவில்லை.
இதுதான் இங்கே வழக்கம் போலும் என்று
நகராட்சிக்காரர் எழுந்து நிற்க,
நாற்காலி சாய்ந்தது.
சிரிப்பு எது, கைதட்டல் எது என்று
பிரிக்க முடியாமல் போயிற்று.
பாரியா மட்டும்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
சட்டையால், வெகுநேரம்.

மாலையில் நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தோம்.
ஒன்று குறைந்தது. எது என்று தெரியும்.

ஆலை என் வீட்டுக்குப் போகிற வழிதான்,
அதனால் இதில் பெருமை ஒன்றுமில்லை.
வாசலில் காவலாளி உறையைப் புரட்டிப் பார்த்தார்.
"கடன் நோட்டீஸா?"
"கணக்கு" என்றேன்.
உள்ளே போகும் எதையும் பதியவேண்டுமாம்.
நேரம்: ஆறு நாற்பது.
பொருள்: காகிதம், ஒன்று.
எடை என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவைக் காதில் செருகி யோசித்து,
ஒரு கோடு போட்டார்.

பேனா மை, ஈரம் ஆகாது என்றேன்.
தலையை ஆட்டினார்.
தொப்பியைக் கழற்றி, உறையை உள்ளே வைத்து,
திரும்பப் போட்டுக்கொண்டு
மழைக்குள் நடந்தார்,
கழுத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டு.