கொட்டச்சேட்டில் இறங்கியவள்

நாலரைக்கு இறக்கிவிட்டது மினிபஸ்.
"ஏழே காலுக்குக் கடைசி வண்டி.
விட்டா காலையிலதான்" என்றார் நடத்துனர்,
மூன்று ரூபாய் மீதியைத் தராமல்.

எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் தார் முடிகிறது.
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி
கழுத்துவரை ஏறிவிட்டது.
கார்த்திகை வெயில் அதன் இலைகளை
ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்திருக்கிறது.
காப்பிச் செடிகளுக்குள் யாரோ இருமுகிறார்கள்;
அல்லது குரங்கு.

பையில் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு,
நாலாக மடித்த ஒரு நகல்.
'மாரப்பன் மகள் வசுமதி ஆகிய நான்
முழு மனதுடன், யாருடைய தூண்டுதலுமின்றி'
என்று தொடங்குகிறது.
என் முழு மனதை
அண்ணன் பொன்னுரங்கம் டைப் அடித்து அனுப்பியிருக்கிறான்.
திங்கட்கிழமை பதினொன்றரைக்கு டோக்கன்.

முதல் மேட்டில் வானம் நீலம்தான்.
இரண்டாம் மேட்டில் கிழக்கே ஒரு மூலை
நனைந்த சாக்குப் போல் கனத்தது.
கொட்டை காயும் களத்தில்
தார்ப்பாயை இழுத்துக்கொண்டே ஒருத்தி கத்தினாள்:
"மேல போவாதீங்க, எறங்குது!"
தலையாட்டிவிட்டுச்
செருப்பு வாரை இறுக்கிக்கொண்டு மேலே போனேன்.

பதினேழு வருஷமாகச் சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
கிழங்குப் பால் தொட்டியில் தெளிவதை
நாள்தோறும் பார்க்கிறேன்:
மேலே கலங்கல் நீர், அடியில் வெள்ளை.
இங்கே தலைகீழ்.
பள்ளத்திலிருந்து வெள்ளை கிளம்பி
முழங்கால், இடுப்பு, மூக்குக்கண்ணாடி என்று ஏறியது.
கழற்றித் துடைத்தேன். மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை.
பத்தடிக்கு ஒரு மரம் முளைத்தது, அழிந்தது.

அப்போதும் உள்ளே அதே பேச்சு.
'அண்ணே, நான் என்ன சொல்றேன்னா...'
மூன்று வாரமாக அந்த வாக்கியம்
'சொல்றேன்னா'வைத் தாண்டவில்லை,
குளிக்கும்போதும், அரிசி களையும்போதும்,
எடைமேடையில் லாரி ஏறும்போதும்.

மழை கேட்காமல் வந்தது.
குடை ஆபீஸ் ஆணியில் தொங்குகிறது.
பலாமரத்தடியில் ஒண்டினேன்;
மரம் தன் பங்குக்குத் தனியாகப் பெய்தது.
நகலை எடுத்து நனையாமல் ரவிக்கைக்குள் வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று
பிறகுதான் எரிச்சல் வந்தது.

பத்து நிமிடம். நின்றது.
மேற்கிலிருந்து தாழப் பாய்ந்த மஞ்சள் ஒளியில்
மண்பாதை முழுக்கச் செம்பு.
வளைவில் அது நின்றிருந்தது.
காட்டெருமை.
கரிய உடம்பில் ஆவி பறக்க,
நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்டு
பள்ளிக்கூடத்துக்குத் தாமதமான பிள்ளை மாதிரி.

ஓடக்கூடாது என்று கேட்டிருக்கிறேன்.
ஓடவும் முடியவில்லை.
அது பார்த்தது. நான் பார்த்தேன்.
என்னிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சு,
அதன் கடைசிப் பாதி மட்டும் வெளியே வந்தது:
"கையெழுத்துப் போட மாட்டேன்."

காதை ஒருமுறை ஆட்டியது.
"எனக்கும் பாகம் இருக்கு" என்றேன், இன்னும் சத்தமாக.
"வடக்கு வரப்புலருந்து கெணறு வரைக்கும்."
ஆட்சேபணை எதுவும் தெரிவிக்காமல்
ஒரு காப்பிச் செடியை மிதித்துக்கொண்டு
அது சரிவில் இறங்கிப் போனது.
வெகுநேரம் கிளைகள் முறியும் ஓசை.

முனைப் பாறையில் உட்கார்ந்த பிறகுதான் கால் நடுங்கியது.
ஆரஞ்சு உரித்தேன். புளிப்பு.
கீழே அயோத்தியாப்பட்டணத்து விளக்குகள்
ஈரத்தில் கரைந்தும் கரையாமலும்.
ஒரு ரயில், சேலத்தை நோக்கி, அவசரமே இல்லாமல்.
மேலே மேகம் கிழிந்த இடத்தில் ஊதா.
ஆத்தூர்ப் பக்கம் இன்னும் மின்னுகிறது;
அங்கே யாருக்கோ மழை.

இங்கேதான் டவர் கிடைக்கும்.
பைக்குள் போன் நாலுமுறை அதிர்ந்தது.
இரண்டாவது ஆரஞ்சையும் தின்றுவிட்டு எடுக்கலாம்.

மணி ஆறு இருபது.
விரசாக இறங்கினால் வண்டியைப் பிடித்துவிடலாம்.
அந்த மூன்று ரூபாயை
மறக்காமல் கேட்க வேண்டும்.