பின்னுக்கு வரும் ரயில்

துராங்கோவுக்கு வடக்கே, சான் எவாரிஸ்தோ நிலையத்தில்
நிழல் என்பது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மட்டும்தான்.
அங்கே கதாநாயகி
கழுத்துக்கு ஐஸ் ஒற்றிக்கொண்டிருக்கிறாள்.
வெயிலில் மற்றவர்கள்:
ஆளுக்குப் பதினெட்டு பெசோ கூலியில் முந்நூறு புரட்சிக்காரர்கள்,
தோட்டா இல்லாத தோட்டாப் பட்டைகள்,
இரண்டு கழுதை,
தொட்டால் கையில் கரி ஒட்டும் மரப் பீரங்கி.
நான் கிளாப் கட்டை அடிப்பவன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலை
ஒரு நாளைக்கு முப்பது தடவை தொடங்கிவைப்பவன்.

காட்சி இதுதான்.
ரயில் நகர்கிறது. படியில் கேப்டன்.
வெள்ளை உடையில் அவள் கூடவே ஓடுகிறாள்.
பிடித்த விரல்கள் விடுபட ஐம்பது அடி ஆகும்;
அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறோம்.
பின்னால், மங்கலாக, கூட்டத்துப் பெண்கள்
கையசைக்க வேண்டும்.
யாரும் காமிராவைப் பார்க்கக் கூடாது.

ஒரு கிழவி பார்த்தாள்.
கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, நேராக.
"கட்!"
ரயில் நின்றது, பெருமூச்சுவிட்டது,
பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு
பின்னுக்கு நகர்ந்து பழைய இடத்துக்கு வந்தது.
கூரைமேல், போருக்குப் போனவர்கள்
போகாதவர்களாகத் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் தடவையும் அவள்தான்.
மூன்றில் முக்காடு அவிழ்ந்தது.
ஐந்தில் தும்மல்.
ஏழில் கழுதைக்குக் குறுக்கே போனாள்,
கழுதை கேப்டனை நோக்கிக் கத்தியது.
இயக்குநர் அர்கேயெஸ் தொப்பியைத் தரையில் அடித்தார்.

ஒன்பதாவதுக்குப் பிறகு நான் போனேன்.
பெயர் ப்ரிமிதிவா என்றாள்.
"கண் தெரியவில்லையா, அம்மா?"
"நன்றாகத் தெரிகிறது."
மோவாயால் மூன்றாம் பெட்டியின் கூரையைக் காட்டினாள்.
அங்கே ஒரு பையன், சம்மணமிட்டு;
கையில் கடிகாரம் வேறு, உடைக்காரர்கள் கவனிக்கவில்லை.
"செனோபியோ அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.
டொர்டியா மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.
சுடுகிறது என்றான்.
அவ்வளவுதான் பேச்சு, அதற்குள் வண்டி போய்விட்டது."
பிறகு, ஏதோ கடன் பாக்கியைக் கேட்பவள்போல:
"வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள் என்று
அன்றைக்கு எத்தனை பேரிடம் கேட்டேன்.
ரயில் அப்படியெல்லாம் வராது பெண்ணே என்றார்கள்.
இப்போது வருகிறதே?"

பத்தாவது தடவை கட்டையில் எண்ணைத் தப்பாக எழுதினேன்.
பதினொன்றில் சாக்குக்கட்டி உடைந்தது;
தானாக உடைந்தது என்றுதான் சொன்னேன்.
மற்ற இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டாள்.

பதினாலில்
வெயிலில் பையன் தலை தொங்கிவிட்டான்.
அதைப் பார்த்தாளோ என்னவோ,
காமிரா பக்கம் திரும்பவேயில்லை.
விரல்கள் கோட்டருகே விடுபட்டன.
ரயில் போனது. வளைவு வரை போனது.
புகை கலைந்தும் யாரும் கத்தவில்லை.
அர்கேயெஸ் அழுதுகொண்டிருந்தார்,
வெள்ளை உடைக்காக.

பிறகு படம் ஊர் ஊராக ஓடியது.
சனம் அந்த ஐம்பது அடிக்குக் கைக்குட்டை நனைத்தது.
நான் இடது மூலையையே பார்த்திருப்பேன்:
எல்லாக் கைகளும் அசைய
இரண்டு கைகள் மட்டும் அசையாமல்,
மேலே,
மூட்டை ஒன்றை ஏந்தியதுபோல.

அன்று மாலை கூலியை எண்ணி முடிச்சிட்டபின் கேட்டாள்:
"நாளைக்கும் வண்டி வருமா?"
என் சட்டைப் பையில் மறுநாள் தாள் இருந்தது.
காட்சி எண்பத்தாறு, பகல், வெளிப்புறம்,
ரயில் எரிகிறது.
ஒரே டேக்.

வரும் என்றேன்.