கலங்கல்

நோய் பிடித்த இலையில் ஒரு விரல் நீளம் வெட்டி
கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினேன்.
"அஞ்சு நிமிசம் பொறுங்கோ."
யோகாம்பிகை வரப்பில் குந்தியிருந்தா.
முரசுமோட்டையில் மூன்று நாள் அடித்த காற்றுமழை
அன்று காலைதான் விட்டிருந்தது.
பயிரின் ஓரமெல்லாம் மஞ்சள்,
கிழிந்த பனையோலை நிறம்.

வெட்டுவாயிலிருந்து
கஞ்சி வடித்து முடிகையில் கடைசியாய் இறங்குமே,
அப்படி ஒரு நூல் இறங்கியது.
பற்றீரியா.
படிவத்தில் ஒரு பெட்டிக்குச் சரி போட்டேன்.
மற்றப் பெட்டிகள்: எத்தனை ஏக்கர், என்ன இனம்,
யூரியா எத்தனை அந்தர்.

"இது இலையைத் தின்னுதோ?"

இல்லை என்று தொடங்கியதுதான் பிழை.
பயிற்சி வகுப்பில் கேட்டது முழுக்க வாய்க்கு வந்தது.
இதுக்குப் பல் இல்லை, அக்கா.
விடியப்புறம் இலை ஓரத்தில் துளி கட்டி நிற்கும்;
துளி வந்த வழியாலேயே உள்ளே போகும்.
கலத்தோடு ஒட்டி நின்று
கண்ணுக்குத் தெரியாத ஊசியொன்றால்
ஒரு புரதத்தை ஏற்றும்.
புரதம் நெல்லின் கருவுக்குள் போய்
நெல்லின் எழுத்துகளை
ஒவ்வொன்றாய்த் தடவித் தடவி வாசிக்கும்.
தேடிவந்த வரி கிடைத்ததும் அதன்மேல் இருந்துவிடும்.
பிறகு நெல்லே திறக்கும், சீனிக் கதவை.
தன் கையால்.
கதிருக்கென்று காய்ச்சியதை
வெளியே ஊற்றிக் கொடுக்கும்.

குவளையை வாங்கி வெயிலுக்குப் பிடித்தா.
"அப்ப கட்டளை
அதின்ர சொந்தப் பாஷையிலதான் வருது."

எந்த ஒலிபெருக்கியை நினைத்தாவோ.
இங்கே எல்லாப் பக்கத்திலிருந்தும்
தமிழில்தான் பேசின.

மருந்து இல்லை என்றேன்.
யூரியாவை நிறுத்துங்கோ, தண்ணியை வடிய விடுங்கோ.
"வடிய விட்டா
கீழ செபமாலையின்ர வயலுக்கெல்லோ போகும்?"
அதற்குப் பெட்டி இல்லை.

மோட்டார் சைக்கிளை உதைத்த பிறகு
சொல்லாமல் விட்ட ஒன்று உறுத்த
இறங்கி வந்தேன்.
சில நெல்லினம் இருக்கு.
அதே வரியை இன்னொரு கதவிலும் எழுதி வைத்திருக்கும்.
புரதம் வரும், வாசிக்கும், இருக்கும்.
கதவு திறக்கும்.
உள்ளே சீனி இல்லை, சாவு.
அந்த இடத்துக் கலம் செத்துப்போக
நோய் அதோடு நின்றுவிடும். பயிர் தப்பும்.

நல்ல செய்தியாகத்தான் சொன்னேன்.
அவ கன நேரம் பேசவில்லை.
நாரை ஒன்று வந்து இறங்கி, எங்களைப் பார்த்து,
மற்ற வயலுக்குப் போனது.

"அந்தக் கலத்திட்ட
ஆரும் கேட்டவையோ?"

அடுத்த போகத்துக்கு விதை பார்க்கிறேன் என்று
ஏதோ சொன்னேன்.
யோகாம்பிகை குவளையோடு எழும்பி
வாய்க்காலைத் தாண்டி,
செபமாலையின் வேலியைத் தாண்டி
தார் றோட்டு மட்டும் நடந்துபோய்
சூட்டில் ஊற்றினா.
இலைத் துண்டைக் காலால் தேய்த்துவிட்டு
குவளையைத் திருப்பித் தந்தா,
கழுவித்தான் வைக்கவேணும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டு.