புளித்த மண்

மண்ணைக் காகிதப் பையில் அள்ளி அனுப்பினேன்.
மூன்று வாரத்தில் பதில் வந்தது:
ஐந்து புள்ளி நான்கு. புளிப்பு.
சுண்ணாம்பு போடாமல் எதுவும் விளங்காது.

ஆர்வில் ஸ்கோகன் டிராக்டரைத் தந்தான்,
கூடவே ஒரு சிரிப்பையும்.
"உன் வாய்க்கு ஒரு தக்காளிச் செடி வைத்ததில்லை, ஆர்டிஸ்.
மானுக்குத் தோட்டம் போடுகிறாயாக்கும்."

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துச் சட்டம் இப்படி:
மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்துச் சுட்டால் அபராதம்.
விதைத்து, முளைத்து, அதன்மேல் சுட்டால்
விவசாயம்.

நாற்பது மூட்டை.
ஒவ்வொன்றையும் பிள்ளையைப்போல் இடுப்பில் வாங்கி
ஓக் மரங்களுக்கு நடுவே
அந்த அரை ஏக்கர் வழுக்கைக்குச் சுமந்தேன்.
புருவம் வெளுத்தது. பல்லில் நறநறத்தது.
அன்றிரவு சீஸ் ஆலையில்
கையுறையும் தலைவலையுமாக நின்றபோதும்
மூக்கைச் சிந்தினால் சுண்ணாம்பு.

ஆகஸ்டில், மழைக்கு முந்தைய நாள் விதைத்தேன்.
குளோவரை மணலில் கலந்து.
டர்னிப்பை, கடுகு மாதிரி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு.
ஓரத்தில் சிக்கரி,
காபியில் சேர்ப்பார்களே, அதுதான்.

விதைத்தவர்கள் வேலி கட்டுவார்கள்.
பரண்மேல் ஏறித் தகரம் தட்டுவார்கள்.
நானும் பரண் கட்டினேன்,
பாஸ்வுட் மரத்தில், பதினைந்து அடி உயரத்தில்.
தட்டத் தகரம் இல்லை.
வேலியும் இல்லை. எல்லாப் பக்கமும் வாசல்.

மரத்தில் கட்டிய கேமரா
யார் வந்தாலும் படம் எடுத்தது.
ராக்கூன். வான்கோழிகள், ஊர்வலமாக.
ஸ்கோகனின் கன்றுக்குட்டி, திருட்டு முழியோடு.
பிறகு மான்கள்.
குளோவரை நாவிதன் மாதிரி ஒட்ட வெட்டிவிட்டு
டர்னிப்பை முகர்ந்துகூடப் பார்க்காமல் போயின.

நானே ஒன்றைப் பிடுங்கி, கால்சட்டையில் துடைத்துக் கடித்தேன்.
காரம். துப்பினேன்.
அவை செய்தது சரி.

கொம்பன் ஒன்று வந்தது.
எப்போதும் இரவு இரண்டு நாற்பத்தேழு,
ஐந்து நிமிடம் முன்னே பின்னே.
அந்த நேரத்தில் நான் எங்கே?
நான்காம் வரிசையில், மஞ்சள் பாளங்களை அட்டைப்பெட்டிக்குள் தள்ளிக்கொண்டு.
சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.
இப்போது தலையைத் தூக்கியிருக்கும்.
இப்போது குனிந்திருக்கும்.

உறைபனி விழுந்தது, இரண்டு முறை.
மறுபடி ஒரு டர்னிப்பைக் கடித்தேன்.
சர்க்கரை.
யார் சொல்லி அனுப்பியதோ,
அன்று மாலையே பாத்தி முழுக்கக் குழிகள்.

வெண்டல் போகும்போது ஃப்ரீசரை எடுத்துக்கொண்டான்,
துப்பாக்கியை விட்டுப்போனான்.
புது ஃப்ரீசர் மார்ச்சிலிருந்து காலியாக ஓடுகிறது,
உள்ளே ஐஸ் தட்டு ஒன்று.

நவம்பர், நான்காம் நாள் வேட்டை.
வந்தது கொம்பன் இல்லை. ஒரு பெட்டை.
வலது காதில் பழைய கிழிசல்,
நாற்பது படங்களில் பார்த்த காது.
சாப்பிடத் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
அது மரியாதையா, தந்திரமா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.
சுட்டேன்.
இருபது தப்படி ஓடி, சிக்கரி ஓரத்தில் விழுந்தது.

கத்தி ஒரு விரற்கடை அதிகமாக இறங்கிவிட்டது.
இரைப்பை கிழிந்து கைமேல் கொட்டியது:
பச்சை. கொதிக்கக் கொதிக்க.
புல் வெட்டிய வாசனை,
நடுநடுவே வெள்ளை வெள்ளையாக டர்னிப்.
என் நாற்பது மூட்டை. என் மழைக்கு முந்தைய நாள்.
முழங்கைவரை அது ஆறும்வரை
கையை எடுக்கவில்லை நான்.

"எத்தனை கொம்பு?" என்றான் ஆர்வில்.
விதை, சுண்ணாம்பு, டீசல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு
கசாப்புக் கடையே மலிவு என்றான்.
தொடைக்கறியில் ஒரு துண்டு கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கேமரா அட்டையைக் கொண்டுவந்து பார்த்தேன்.
இரண்டு ஐம்பது, கொம்பன்.
வான்கோழி, வான்கோழி.
கிழிந்த காது, குனிந்தபடி, மாலை நான்கு பன்னிரண்டு.
அடுத்த படம்:
நான்கு நாற்பத்தொன்று, இருபத்தேழு டிகிரி, பிறை நிலா.
குளோவருக்குள் முழங்கால் ஊன்றி
தலை தாழ்த்தி
ஏதோ ஒன்று.
ஆரஞ்சு நிறச் சட்டையை வைத்துத்தான்
அடையாளம் கண்டேன்.