கேட் போட்டிருக்கு

நீடாமங்கலம் கேட்டில் பஸ் நிற்கிறது.
சரக்கு ரயிலுக்கு இன்ஜினை மாற்றிக் கட்டுகிறார்களாம்.
முக்கால் மணி ஆகும் என்கிறார் கண்டக்டர்,
நேற்றுப் பெய்த மழையைச் சொல்வதுபோல.
எல்லோரும் இறங்கி
வெள்ளரிப்பிஞ்சு வாங்குகிறார்கள்.
நான் இறங்கினால் ஏற முடியாது.
ஏறினால் உட்கார முடியாது.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருக்கிறேன்.
வெளியே ஒரு கம்பி,
முதுகுக்குள் இரண்டு.

கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ சிப்பத்தை
எண்ணாமல் தூக்கியவன்.
அடைமழையில் அட்டி சரிந்த அன்று
என்மேல் விழுந்தது பதினேழு மூட்டை.
பட்டியல் எழுத்தர் சரியாக எண்ணியிருந்தார்.
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால்
நெல்லை எடுக்க மாட்டார்கள்.
என்னை எடுத்தார்கள்.

அன்றிலிருந்து
இடுப்பில் தலைப்பு வைத்து
இடது கால் சுண்டுவிரல்வரை ஒரு வாய்க்கால்.
இந்தக் கடைமடைக்கு மட்டும்
ஒருநாளும் வரத்து குறைந்ததில்லை.
முறைவைத்து விடுவதெல்லாம்
மாத்திரையைத்தான்.

தஞ்சாவூரில் அந்த டாக்டர் பெண் கெட்டவள் இல்லை.
"அஞ்சு நாளைக்குத்தான் எழுதலாம் சவரிராசு"
என்று பெயர் சொல்லித்தான் சொல்வாள்.
அந்த ஐந்தில்
போய்வர ஒரு நாள்,
போய்வந்த வலிக்குப் படுக்க ஒரு நாள்.

எங்கள் ஊர் மெடிக்கலில் அன்வர்தீன்
முன்பெல்லாம் என் நடையைப் பார்த்தே
எடுத்து வைத்துவிடுவார்.
இப்போது சீட்டு, சீட்டின் நகல், ஆதார் நகல்
மூன்றையும் வாங்கி அடுக்கிவிட்டு
"ஸ்டாக் இல்ல" என்கிறார்,
குளுக்கோஸ் டப்பாக்களைப் பார்த்து.
டவுனில் பெரிய கடைப் பையன்
முழுக்கைச் சட்டையை மடிக்கச் சொன்னான்.
மடித்தேன்.
மூட்டைக் கொக்கி கிழித்த தழும்பு இருந்தது.
ஊசிக்குத்தைத் தேடினான்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.
தெரியாது என்றால் பொய்.
எங்கள் தெரு அமல்தாஸ்
இதைத்தான் கரைத்து ஏற்றிக்கொண்டு
வெண்ணாற்றுப் படித்துறையில்
விடியும்வரை உட்கார்ந்தே இருந்தான்.
தூங்குகிறான் என்று நினைத்து
அவனுக்கு முன்னால்
சத்தம் போடாமல் குளித்துவிட்டு வந்தார்கள்.
பத்தொன்பது வயது.
அவன் பெட்டிக்குத் தோள் கொடுக்காத ஆண்பிள்ளை
அந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த ராத்திரி
அவன் அம்மா பிலோமி வந்தாள்.
செருப்பைக் கழற்றவில்லை.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ஓர் அட்டையை என் கட்டிலில் வைத்தாள்.
பத்தில் ஆறு மிச்சம்.
"அவன் பேண்ட தொவைக்க எடுத்தேன்.
ஆத்துல போடத்தான் கொண்டுபோனேன்."
கொஞ்சம் நின்றாள்.
"நீங்க ராத்திரியில கத்துறது
எங்க வீட்டுக்குக் கேக்குது."
போய்விட்டாள்.

அதே நிறம், அதே கம்பெனி.
டாக்டர் பெண் எழுதும் அதே பெயர்.
போலீஸ் சோதனை போட்டால்
எந்தச் சீட்டைக் காட்டுவேன் என்று தெரியாமல்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.
ஆறு என்றா சொன்னேன்?
ஐந்து.

அன்று ராத்திரி நான் கத்தவில்லை.
அதையும் அவள்
கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

ரயில் ஊதுகிறது.
வெள்ளரிப்பிஞ்சோடு எல்லோரும் ஏறுகிறார்கள்.
பக்கத்துச் சீட்டுக்காரர்
உப்பு மிளகாய் தடவிய ஒரு பாதியை நீட்டுகிறார்.
வாங்க ஒரு கை வேண்டும்.
கம்பியிலிருந்து
விரல் விரலாக எடுத்துப் பார்க்கிறேன்.