எலட்டகெர்ரி

சுரங்க ஆபீஸ் பேரேட்டில் அப்படித்தான் இருந்தது:
ராயப்பென், தகப்பன் சூசே, ஊர் எலட்டகெர்ரி.
ஏதோ வெள்ளைக்காரன் ஊர் என்றே
பதினோரு வருஷம் நினைத்திருந்தேன்.
சாம்பியன் ரீஃபில் எங்கள் தெருக்களுக்கெல்லாம்
அவர்கள் பெயர்தானே.

போன வைகாசியில் பர்கூர்ப் பக்கம்
கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றிப்போன லாரி
ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் வழியை அடைத்து நின்றபோது
பக்கத்துப் பலகையைப் படித்தேன்.
எலத்தகிரி.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு தரம்.
சொன்னவனும் எழுதிக்கொண்டவனும்
ஒரே மேசையின் இரண்டு பக்கம் நிற்பது தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா.
"கோலாரா" என்றாள். கேள்வியாக இல்லை.
மாதம் இரண்டு பேராவது வருகிறார்களாம்.
சுரங்கம் மூடி
மேலே வந்தவர்களுக்குத்தான் ஊர் தேவைப்படுகிறது.

புத்தகம் லத்தீனில். கரையான் தின்றது போக மிச்சம்.
ராயப்பன் என்று இங்கே யாரும் பிறக்கவில்லை.
பேத்ருஸ் பிறந்திருக்கிறான்.
சூசை யோசேபுஸ், சின்னப்பன் பவுலுஸ்.
களத்தில் கேழ்வரகு தூற்றிய மதலேனாளுக்கும்
ஒரு ரோமாபுரிச் சட்டை.

பேத்ருஸ், 1899 ஜனவரி, ஞானஸ்நானம்.
கிடைத்துவிட்டார் என்று
மகளுக்கு அனுப்பப் போனை எடுத்தேன்.
"இருங்கண்ணா."
ஜெசிந்தா அடக்கப் புத்தகத்தைத் திறந்திருந்தாள்.
அதே பேத்ருஸ். அதே தகப்பன், அதே தாய்.
1903 அக்டோபர். வயது நாலு. பேதி.

நாலு வயதில் இங்கே புதைந்தவன்
1911இல் அங்கே போய்
பித்தளை வில்லை வாங்கியிருக்கிறான், எண் 4172.
வில்லை என் வீட்டில்தான் இருக்கிறது.
புளி போட்டுத் துலக்கினால் இன்னும் பளபளக்கும்.

அப்புறம்தான் அண்ணன்காரன் பவுலுஸ்.
அவன் வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல்.
"இவரும் செத்துட்டாரு" என்றாள்,
"எல்லாச் சாவுக்கும் இதத்தான் போடுவாங்க."
எனக்கு முதல் எழுத்து இடித்தது.
சாமியார் சேலம் போயிருந்தார்.
போட்டோ எடுத்து அனுப்பினோம்.
அந்த நேரத்தில் அவள் கொடுத்த மாம்பழம்
நாராக இருந்தது, ஆனால் நல்ல இனிப்பு.
பிசுபிசுத்த விரலோடு
குரல் செய்தியைத் தட்டிக் கேட்டேன்:
"ஒபீத்னா செத்தான். இது அபீத்.
அபீத்னா, போனான். அவ்வளவுதான்.
ஒரு எழுத்து."

போனான்.
எங்கே என்று எழுதவில்லை, ஏன் என்றும் இல்லை.
ஜீதக் கடனை அறுத்துக்கொண்டு ராத்திரியில் ஓடியிருக்கலாம்.
பின்னால் ஆள் வந்து கேட்டால்
"அந்தப் பேர்ல யாரும் இல்ல சாமி" என்று
உண்மையாகவே சொல்லியிருப்பார்கள்.
வெட்டுக்குத்து ஏதாவது இருந்திருக்கலாம்.
அல்லது எதுவுமே இல்லை,
குப்பம் தாண்டும்போது தனியாகப் போகப் பயந்து
தம்பியையும் கூட்டிக்கொண்டானோ என்னவோ.

என் பாஸ்போர்ட்டில் ராயப்பன்.
அப்பாவின் கல்லறையில் ராயப்பன்.
மகள் பெங்களூர் ஆபீசில் கழுத்தில் மாட்டும் அட்டையில்
அதே ராயப்பன், ஸ்பெல்லிங் மட்டும் திருத்தி.

விடியுமுன் கூண்டு இறங்கும்.
அதற்கு முன்னால் பேர் கூப்பிடுவார்கள்.
ராயப்பென்.
இருக்கேன்.
பாறை வெடித்த அந்த நாள் வரை
இருபத்தேழு வருஷம்,
இருக்கேன், இருக்கேன் என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது ஒரு குழந்தை.

"நகலுக்கு ஐம்பது ரூபா" என்றாள் ஜெசிந்தா,
"ரசீது எந்தப் பேருக்குண்ணா?"
சில்லறை தேடுகிறவன் போல
சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.